பாமாயிலும் என் பெரிய அத்தையும்

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். கைரேகை மெஷினில் என் கட்டைவிரல் மூன்றாவது தடவைதான் ஏறியது. வயசானவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும் என்கிறார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தெருவில் தறி ஓட்டுபவர். என் கையிலிருந்த எண்ணெய் பாக்கெட்டைப் பார்த்து, "ஏனுங்க சார், இந்தப் பாமாயிலு நம்ம பனைமரத்துல இருந்து எடுக்கறதுங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, அது வேற பனை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதே என்று தோன்றியது. அந்த வேற பனையோடு என் குடும்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நமக்கெல்லாமே உண்டு என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பனை கருப்பட்டியும் நுங்கும் கிழங்கும் தரும். சமையல் எண்ணெய் தராது. பாமாயில் தருவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம். மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். குலை குலையாகச் செந்நிறத்தில் காய்க்கும்; ஒரு குலை பதினைந்து, இருபது கிலோ, அதற்கு மேலும் நிற்கும். பழத்தின் சதையிலிருந்து எடுப்பதுதான் பாமாயில். ஆப்பிரிக்காவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இடித்து, வேகவைத்து எடுத்துவந்த எண்ணெய் அது. 1848ல் டச்சுக்காரர்கள் ஜாவாவில் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கே நான்கு கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வாரிசுகளைச் சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காகப் பாதையோரம் வைத்தார்கள். ஆட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியக்காரர் அது காய்க்கிற காய்ப்பைப் பார்த்து, 1911ல் சுமத்ராவில் வியாபாரத்துக்காகவே நடத் தொடங்கினார்.

இனி வருவதைப் பிரெஞ்சுப் படிப்பினால்தான் தெரிந்துகொண்டேன். என் பள்ளிப்படிப்பு முழுவதும் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, பிற்காலத்தில் ஆபீசில் ஆங்கிலம். மூன்றிலும் அரைகுறை என்று என் மனைவி சொல்வாள். புதுச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில், இளவயதில், அட்டை கிழிந்த ஒரு நாவல் கிடைத்தது. பெயர் 'மலேஸி'. எழுதியவர் ஆன்றி ஃபொக்கோனியே. 1930ல் கோன்கூர் பரிசு பெற்ற புத்தகம். பிரான்ஸில் அதைவிடப் பெரிய இலக்கியப் பரிசு இல்லை என்பார்கள். பிரான்ஸ் கதை என்று நினைத்து வாங்கிப் பிரித்தால், உள்ளே நம் தமிழ்க் கூலிகள் நடமாடுகிறார்கள்! எழுதியவர் 1905ல் மலாயா போய் ரப்பர் தோட்டம் போட்ட துரை.

இந்தத் துரைதான் ஹாலேயின் நண்பர். சுமத்ராவிலிருந்து விதை வாங்கி முதலில் அழகுக்கு வைத்துப் பார்த்தார். பிறகு சிலாங்கூரில் கோல சிலாங்கூர் பக்கம், காப்பி சரியாக வராத ஒரு தோட்டத்தில், 1917ல் செம்பனை நட்டார்கள். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். 2017ல் மலேசியாவில் அந்தத் தொழிலின் நூற்றாண்டே கொண்டாடினார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து ஆளுக்கொரு மாதிரி மாறும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம் தென்னமரம்தான். உலகச் சந்தையையே பிடித்த ஒரு எண்ணெயின் கதை, மலாயாவில் தமிழ்ப் பெயரோடு, தமிழர் கைகளால் தொடங்கியிருக்கிறது.

அந்தக் கைகளில் இரண்டு என் பெரிய அத்தையுடையவை. அதே தோட்டம் அல்ல, அதே மாவட்டத்தில் இன்னொன்று.

எங்கள் பக்கத்தில் கப்பலேறுவது புதிய சங்கதி இல்லை. காரைக்காலிலிருந்து ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஆள் ஏற்றிய காலம் பாட்டனார் காலத்துக்கு முந்தியது. அத்தை போனது மலாயாவுக்கு. நாகப்பட்டினம் போய், கங்காணி வழியாக, இலவச டிக்கெட்டில் புருஷனோடு கப்பலேறினார். 1938ல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது; அதற்கு இரண்டு வருஷம் முன்பு இவர்கள் போய்விட்டார்கள். மாமா, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழரில் ஒருவர். திரும்பவில்லை. அத்தை கைக்குழந்தையான மகளோடு கித்தா மரம் சீவிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். (ரப்பரைக் கித்தா என்பார்கள். மலாய்ச் சொல்.)

1970ல் அவர் திரும்பி வந்தபோது எனக்கு இருபது வயசு. நாகப்பட்டினத்துக்கு அழைத்துவரப் போனது நான்தான். ரஜூலா கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு மைலோ டப்பா, நான்கு புட்டி கோடாலித் தைலம். முப்பத்துநாலு வருஷத்துச் சம்பாத்தியம் அவ்வளவுதான். அங்கே 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்ற சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்கள், குடியுரிமைக்கு எழுதிப் போட வேண்டிய காலத்தில் எழுதிப் போடவில்லை. அத்தை கையில் சிவப்புக் கார்டு. மகள் கையில் நீலக் கார்டு. சிவப்புக் கார்டு கப்பலேறியது, நீலக் கார்டு புருஷன் பிள்ளைகளோடு தோட்டத்தில் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வருஷங்களில் இப்படிப் பிரிந்தன.

அத்தை வந்த பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். எனக்குச் சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் எழுத்தர் வேலை கிடைத்துக் கோவை மாவட்டத்துக்கு வந்ததும், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "டேய் கிராணி" என்பார். தோட்டத்தில் கிராணி என்றால் கிளார்க். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதுகிறவர். அவர் எழுதினால்தான் அன்றைய கூலி. மறந்தால் அரை நாள் போச்சு. அன்பாகக் கூப்பிடுகிறாரா, திட்டுகிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

லீவில் காரைக்கால் போகும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்பேன். கித்தாவுக்குச் செயற்கை ரப்பர் போட்டியாக வந்து விலை விழுந்ததும், துரைமார் மரங்களை வெட்டிச் செம்பனை வைக்கத் தொடங்கினார்கள். 1960ல் அந்த நாட்டில் செம்பனை சுமார் 55 ஆயிரம் ஹெக்டேர். இன்று 55 லட்சத்துக்கும் மேல். நூறு மடங்கு! கித்தா மரத்துக்கு ஆள் தினமும் போக வேண்டும், இருட்டிலேயே எழுந்து மரம் மரமாகச் சீவ வேண்டும். செம்பனையில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை அறுத்தால் போதும். உயரமான மரத்தில் நீளக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, நாம் துறட்டி போட்டு முருங்கை பறிப்பது போல இழுப்பார்கள். அறுத்த குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்துக்குள்ளேயே ஆலை, ஆலைக்காக மேலும் மேலும் தோட்டம். ஆனால் அதே நிலத்துக்குக் கித்தா கேட்ட ஆட்களில் ஒரு சிறு பங்கே போதும். மீதி லயம் என்ன செய்யும்?

நிலம் கிடைத்திருக்கலாம். அரசாங்கம் 1956ல் பெல்டா என்று ஒரு திட்டம் தொடங்கிக் காட்டை வெட்டி, குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் கொடுத்துக் குடியேற்றியது. கிடைத்தவர்கள் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். தோட்டத் தமிழர் கணக்கில் வரவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாக வசூலித்து, 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கம் ஆரம்பித்துச் சில தோட்டங்களைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்கினார். பெரிய மனசு. அத்தையும் பணம் கட்டியிருக்கிறார். அந்த ரசீதுகள் தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

செம்பனை வந்த பிறகு அத்தைக்குக் கொடுத்த வேலை விசித்திரமானது. அந்த மரம் ஆப்பிரிக்காவில் தானாகக் காய்க்கும். மலாயாவில் சரியாகக் காய்க்கவில்லை. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, பெண் பூவின் மேல் கையால் தூவ வேண்டும். முள்ளுப் பூ. மட்டையிலும் முள். தோட்டத்துப் பெண்கள் வரிசையாகப் போய் மரத்துக்கு மரம் மாவு தூவுவார்கள். "நாலு பிள்ளை பெத்தவ கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டா, அந்த மரத்தைக் காய்க்க வைக்க" என்பார் அத்தை.

அத்தை 1981ல் காலமானார். அதே வருஷம்தான் மலேசியாவில் ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். கேமரூனில் செம்பனைப் பூவிலேயே வாழும் சின்னஞ்சிறு வண்டு. வெகு சீக்கிரத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. மகரந்த வேலையை அதுவே செய்தது. விளைச்சல் எகிறியது. விஞ்ஞானத்தில் இதைப் பெரிய வெற்றி என்கிறார்கள், வெற்றிதான், மறுக்கவில்லை. எனக்கு இந்தச் செய்தி வந்தது அத்தை மகளின் கடிதத்தில். முறைக்கு நான் மதினி என்று கூப்பிட வேண்டும். வயதில் ரொம்ப மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் வாயில் வரும். "ஒரு வண்டு வந்து எங்க வேலையைத் தின்னுட்டுது தம்பி. இப்ப என்னை மருந்தடிக்கப் போட்டிருக்காங்க" என்று 1983ல் எழுதியிருந்தார்.

மருந்தடிப்பது என்றால், மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காமல் முதுகில் டப்பா கட்டிக்கொண்டு களைக்கொல்லி தெளிப்பது. பெரும்பாலும் பாராகுவாட். தோட்டங்களில் இந்த வேலை பெண்கள் தலையில், அதிலும் தமிழ்ப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. வெயிலில் முகமூடி போட முடியாது. கையுறை கிழிந்தால் புதியது வராது. நகம் நிறம் மாறும், கழன்று விழும், மூக்கில் ரத்தம் வரும், கண் எரியும். இதை நான் அக்கா கடிதங்களில் படித்தபோது, ஒரு தோட்டத்துப் பிரச்சினை என்றே நினைத்தேன். 2002ல் ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திவந்த தெனாகனிதா என்ற அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் இருந்ததும் நகம், மூக்கு ரத்தம், கண் எரிச்சல் என்று அக்கா எழுதிய அதே வரிசைதான். மலேசிய அரசு அந்த வருஷம் பாராகுவாட்டைத் தடை செய்தது, 2006ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரியிலிருந்து முழுமையாக நிறுத்தியது. இடைப்பட்ட பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் டப்பா சுமந்தார்கள்!

இந்த இடத்தில் நம்மூர் நொய்யலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு டன் பாமாயில் எடுத்தால், இரண்டரை மூன்று டன் கழிவுநீர் வரும். பழுப்பு நிறத்தில், சூடாக, எண்ணெயும் நாருமாக. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆலைகள் அதை அப்படியே ஆற்றில் விட்டன. மீன் செத்து மிதந்தது. ஆற்றங்கரை மலாய்க் கிராமங்களும் தோட்டத்து லயங்களும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள். மலேசிய அரசு 1977ல் பாமாயில் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் போட்டது. கழிவு எவ்வளவோ அதற்கேற்ப கட்டணம் என்றது. குளம் குளமாக வெட்டிக் கழிவைப் புளிக்கவைத்துச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நாம் 1992ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினோம். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் பலமுறை கெடு வைத்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் திருப்பூர் விழித்தது. அந்த மாதங்களில் நம் சோமனூரில்கூட எத்தனை வீட்டில் அடுப்பு பாதி எரிந்தது என்று உங்களுக்குத் தெரியும். பனியனை மலிவாக வாங்கிப் போட்ட வெள்ளைக்காரனுக்கு நொய்யல் என்று ஒரு ஆறு இருப்பதே தெரியாது. நமக்குச் சிலாங்கூர் ஆறு தெரிந்ததா?

சொல்லப்போனால் நான் தெரிந்துகொள்ள வேண்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் சர்வீஸில் பாதி குடிமைப்பொருள் வழங்கல் பிரிவில் கழிந்தது. எண்பதுகளில் மத்திய அரசு ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் பாமாயில் இறக்குமதி செய்து மாநிலங்களுக்கு ஒதுக்கும். தீபாவளி, பொங்கல் வந்தால் கடைகளுக்கு எத்தனை டின் என்று பட்டியல் போடுவது என் மேஜை. மார்கழிக் குளிரில் டின்னைத் திறந்தால் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கும். "டால்டாவைக் கலந்துட்டாங்க" என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். பாமாயிலின் குணமே அது என்று விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிடும். மேஜை இழுப்பறையில் அக்காவின் ஏர்மெயில் கடிதம். மேஜை மேல் மலேசியப் பாமாயில் ஒதுக்கீட்டுத் தாள். இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. கிராணி புத்தி என்று அத்தை சொல்லியிருப்பார்.

அதன் பிறகு காலம் வேகமாகப் போனது. 1994ல் பாமாயில் இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். இன்று நம் நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. பாமாயில் மட்டுமே பெரும்பாலான வருஷங்களில் 80, 90 லட்சம் டன் வருகிறது. பிஸ்கட், சிப்ஸ், பேக்கரி பன், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 'தாவர எண்ணெய்' என்று போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2007ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபோது, துவரம் பருப்போடு பாமாயிலும் மாதாமாதம் என்றாயிற்று. லிட்டர் இப்போது 25 ரூபாய்.

இதற்கு நடுவில் அக்காவின் தோட்டமும் போய்விட்டது. தலைநகரம் பெருத்துக்கொண்டே வந்தது. புத்ரஜெயா என்று பளபளவென்று புதிய நிர்வாக நகரம் கட்டினார்களே, அது பிராங் பெசார் என்ற பழைய தோட்டமும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் இருந்த நிலம். அங்கிருந்த தமிழர்களை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு அந்த அளவும் இல்லை. தொண்ணூறுகளில் தோட்டத்தை வீட்டு மனைக்கு விற்றார்கள். லயத்தை இடித்து, கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். கிள்ளான் பக்கம் மகனோடு போய்ச் சேர்ந்தார். மிச்சமிருக்கும் தோட்டங்களில் இன்று குலை அறுப்பது பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்களும் வங்கதேசத்துக்காரர்களும். நம்மூர் தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் ஒடிசா, பீகார் பையன்கள் இருப்பது மாதிரி. ஒருவர் இறங்கிய இடத்தில் இன்னொருவர்.

செம்பனை அதற்குள் கடல் தாண்டிச் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடுகளை விழுங்க ஆரம்பித்திருந்தது. இந்தோனேசியாதான் இப்போது முதலிடம். அங்கே சதுப்புக் காடுகள் அதிகம். ஆயிரக்கணக்கான வருஷத்து இலை தழை மக்காமல் தண்ணீரில் ஊறி, ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கும். தோட்டம் போட வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால், அது காய்ந்து விறகாகிவிடும். தீ வைத்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 1997ல் எல் நினோ வறட்சியோடு சேர்ந்து எரிந்ததில் சிங்கப்பூர், மலேசியா எல்லாம் மாதக்கணக்கில் புகைமூட்டம். 2015ல் மறுபடியும். 97ல் அக்கா போனில் பேசினார். பக்கத்து வீடு தெரியவில்லை, பேரனுக்கு மூச்சு வாங்குகிறது என்றார். ஓராங் ஊத்தான் என்ற குரங்குக்கு மலாயில் காட்டு மனிதன் என்று அர்த்தம். காடு போனால் அவன் எங்கே போவான்? புலியும் அப்படித்தான், காட்டையே நம்பி வாழ்ந்த பழங்குடிகளும் அப்படித்தான்.

இவ்வளவும் எழுதினால், அப்படியானால் பாமாயிலை நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வாரக் கூலிக்குத் தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு 25 ரூபாய் எண்ணெய் பெரிய ஆதரவு. கடையில் கடலை எண்ணெய் விலையைக் கேட்டுவிட்டு யாராவது அவர்களுக்கு உபதேசம் செய்யட்டும். இன்னொன்று, ஒரு ஹெக்டேரில் செம்பனை மூன்று நான்கு டன் எண்ணெய் தரும். நம் மானாவாரிக் கடலையில் அரை டன்னைத் தாண்டுவதே பெரிது. உலகம் இதே அளவு எண்ணெயை வேறு பயிரில் எடுக்கப் போனால், இன்னும் அதிகக் காடு போகும். மரத்தின் மேல் தப்பில்லை. அதை எங்கே, யார் நிலத்தில், யார் கையால் வளர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் அரசும் 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கம் அறிவித்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் தனிக் கவனமாம். அதாவது மிச்சமிருக்கும் நல்ல காடுகள் உள்ள இடங்களாகப் பார்த்து! படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. (இலங்கையில் அதே வருஷம் ஏப்ரலில், புதிதாகச் செம்பனை நடக்கூடாது, இருப்பதையும் படிப்படியாகப் பிடுங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள்.) நம் பக்கத்துக்கு அது ஒத்துவராது. கோடையில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு இருநூறு லிட்டர் வரை தண்ணீர் கேட்கும். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுப் புழுதி எடுக்கிற ஊர் நம்முடையது.

நம் பக்கத்து விவசாயிகள் கேட்பது வேறு. பல்லடம், பொங்கலூர், பொள்ளாச்சி என்று தென்னை வைத்திருப்பவர்கள், ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று பல வருஷமாகப் போராடுகிறார்கள். கொப்பரை விலை விழும்போதெல்லாம் சாலையில் தேங்காய் உடைக்கிறார்கள். காங்கயத்தில் அத்தனை எண்ணெய் ஆலைகள் இருக்க, அங்கிருந்து பத்து மைலில் இருக்கும் ரேஷன் கடையில் இந்தோனேசிய எண்ணெய் விற்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா திடீரென்று ஏற்றுமதியை நிறுத்தி மூன்று வாரம் கதவைச் சாத்தியது நினைவிருக்கும். விலை எப்படி ஏறியது! அடுத்தவன் கதவை நம்பி அடுப்பு மூட்டினால் அப்படித்தான். ஒரு மாவட்டத்திலாவது அரைக்கு அரை என்று செய்து பார்க்கலாம். பட்டியல் போடத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முடியாத காரியம் இல்லை. மானியம் கூடும், அதுதான் விஷயம்.

2010ல் அக்கா ஒரு தடவை இந்தியா வந்தார். பழனி, வேளாங்கண்ணி, காரைக்கால் எல்லாம் முடித்துக்கொண்டு கடைசியில் சோமனூர். எழுபதை நெருங்கிய வயசு. வலது கையில் இரண்டு விரலில் நகம் பாதிதான் இருந்தது. மீதி சரியாக வளரவே இல்லை. என் மனைவி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் கிடந்த ரேஷன் பாக்கெட்டை அக்கா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, இது எங்க எண்ணெய்டா."

விலையைச் சொன்னேன். கூப்பனுக்கு எத்தனை பாக்கெட் என்று கேட்டார். ஒன்று என்றேன். அந்தக் காலத்தில் இந்த எண்ணெய்க்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பியதே நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏனோ அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியது.

"அப்ப அங்கயும் கிராணி, இங்கயும் கிராணி" என்று சிரித்தார். பிறகு, "அங்க எங்களுக்கு இது ஓசியில கிடைக்காது தெரியுமா? கடையிலதான் வாங்கணும்" என்றார்.

மறுநாள் சாமளாபுரம் குளக்கரைக்குக் கூட்டிப்போனேன். பனைமரத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். சின்ன வயசில் அத்தை சொல்லிக் கேட்டதாம், பார்த்ததே இல்லையாம். கீழே கிடந்த மட்டையின் கருக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் முள்ளு இருக்கே" என்றார். போகும்போது இரண்டு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிக்கொண்டார். ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லையாம், அவித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். நார் நாராக இருக்கிறது என்று அதுகள் துப்பிவிட்டனவாம்.